நோர்மலா, சீசரா? இடையில் ஒரு கடல்

முதற்பிள்ளை சீசர். இப்போது இரண்டாவது, ஆறாம் மாதம். சின்ன வயதில் வந்துபோன மூட்டுவாதக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருக்கிறது. வீடு நெடுந்தீவில். இவ்வளவும் ஒருத்தியிடமே சேர்ந்திருந்தால், அவளைச் சுற்றி இருப்பவர்கள் அவளைக் கேளாமலே முடிவெடுத்துவிடுவார்கள். "ஒருக்கா வெட்டினால் பிறகும் வெட்டுத்தான்" என்பார் தாய். "நெஞ்சு வருத்தக்காரியை நோவெடுக்க விடலாமோ?" என்பார் மாமி. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் வந்து, "இஞ்சை உப்பிடி ஆக்களையும் நோர்மலுக்குத்தான் விடுகினம், பயப்பிடாதை" என்பாள். மூன்று பேரும் அன்பில்தான் சொல்கிறார்கள். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மூவர் பேச்சிலும் வராத ஒன்று, நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் இடையில் கிடக்கிற கடல்.

இப்படி ஒரு குறிப்பிட்ட பெண்ணை நான் இங்கே காட்டவில்லை. பழைய தையலோடு சீனி வருத்தமோ, பிரஷரோ, இதய வருத்தமோ சேர்ந்து வருகிற தாய்மாரை எந்தக் கர்ப்பவதிகள் கிளினிக்கிலும் காணலாம். இலங்கையில் இன்று பிறக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் சத்திரசிகிச்சையால் பிறக்கிறது. ஆகவே "அடுத்த பிள்ளை எப்படி?" என்ற கேள்வியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. வேலணையில் இருப்பவளுக்கும் நல்லூரில் இருப்பவளுக்கும் அந்தக் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் அது வேறு கேள்வி.

தாய் சொன்னதிலிருந்து தொடங்குவோம். ஒருமுறை சீசர் என்றால் எப்போதும் சீசர் என்ற வாக்கை 1916இல் சொன்னவர் எட்வின் கிரேகின் என்ற நியூயோர்க் மகப்பேற்று மருத்துவர். எல்லாப் பெண்களையும் திரும்பத் திரும்ப வெட்டுங்கள் என்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. முதல் வெட்டைச் சும்மா போட்டுவிடாதீர்கள், அது அவளுடைய மற்றப் பிள்ளைப்பேறுகளையும் கட்டிப்போடும் என்று சக மருத்துவர்களை எச்சரித்தார். அந்தக் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காக வெட்டினார்கள். பிள்ளையைத் தள்ளுவதற்காகச் சுருங்கி விரிகிற தடித்த தசை அதுதான். அங்கே விழுந்த தழும்பு அடுத்த நோவில் பிளந்துபோகும் ஆபத்து பெரிது. 1920களில் கிளாஸ்கோவில் மன்றோ கேர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். அந்தப் பகுதி மெல்லியது, நோவின்போது தானாகச் சுருங்குவதில்லை, தைத்தால் நன்றாக ஆறும். இன்று நம் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் சீசர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகை. வெட்டு மாறிவிட்டது, வாக்கு மட்டும் நூறாண்டு தாண்டியும் நம் தாய்மார் வாயில் இருக்கிறது.

அமெரிக்காவில் 19 பெரிய ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த விடயத்தில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவது. முன்பு சீசர் செய்திருந்த 17,898 பெண்கள் அதில் இயல்பான பிறப்புக்கு முயன்றார்கள். 100க்கு 73 பேர் வெற்றிகரமாகப் பெற்றார்கள். கருப்பைத் தழும்பு பிளந்தது 1000க்கு 7 பேருக்கு. முன்பே ஒருமுறை இயல்பாகப் பெற்றவள் என்றால் வெற்றி வாய்ப்பு 85, 90 என்று ஏறும். முதல் சீசருக்குக் காரணம் பிள்ளை காலைக் கீழே போட்டிருந்ததுதான் என்றால் இந்த முறை வாய்ப்பு நல்லது. முழுக்க நோவெடுத்தும் பிள்ளை இறங்காமல் போனதால் வெட்டியிருந்தால் வாய்ப்புக் குறைவு. போன பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் இடைவெளி 18 மாதத்துக்கும் குறைவென்றால் தழும்பின் பலத்தில் சந்தேகம் வரும்.

ஆகவே, கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்குவெட்டு ஒன்று மட்டும் உள்ள பெண்ணைப் பார்த்து "உனக்கு இனி வெட்டுத்தான்" என்று யாரும் முடித்துவைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த 7 பேரைப் பற்றியும் பேசியாக வேண்டும். தழும்பு பிளந்தால் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது பிள்ளையின் இதயத் துடிப்பு. நோ விட்டுவிட்டு வராமல் அடிவயிறு ஓயாமல் வலிக்கலாம், இரத்தம் போகலாம், வந்துகொண்டிருந்த நோ திடீரென்று நின்றுபோகலாம். அந்த நேரம் சத்திரசிகிச்சைக் கூடம் திறந்திருக்க வேண்டும், மயக்க மருந்து வைத்தியர் நிற்க வேண்டும், இரத்தம் தயாராக இருக்க வேண்டும். 2012இல் வந்த ஓர் ஆய்வில், தழும்பு பிளந்ததாகச் சந்தேகம் வந்து 18 நிமிடத்துக்குள் வெளியே எடுத்த பிள்ளைகள் நல்ல நிலையில் இருந்தார்கள். அதற்குப் பிந்தியவர்களுக்குத்தான் பாதிப்பு.

18 நிமிடம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் 30 கிலோமீற்றர் அளவில். நயினாதீவுக்காரிக்குக் கடல் கால் மணித்தியாலம்தான், ஆனால் தரைவழி அதே தூரம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன, அங்கே வேலைசெய்கிற வைத்தியர்களும் தாதியரும் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். ஆனால் நள்ளிரவில் ஒரு சீசரை அங்கே செய்ய வழியில்லை. பழைய தையல் உள்ள தாய்க்கு நோ தொடங்கும்போது அவள் தீவில் இருக்கக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதைக் கேட்டதும் பலர் உடனே சொல்வது, "அப்ப சீசருக்குத் திகதி வைச்சால் சரிதானே" என்பது. இல்லை. திகதி வைத்துச் செய்கிற சீசரை வழமையாக 39 வாரம் வரும்வரை பொறுத்துத்தான் செய்வார்கள். அதற்கு முன்னே எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்புக் கூடும். ஆனால் அப்படித் திகதி வைத்திருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒருத்திக்கு அந்தத் திகதிக்கு முன்னரே நோ தொடங்கிவிடும். கிளினிக் கொப்பியில் 20ஆம் திகதி என்று எழுதியிருக்கும். பன்னீர்க்குடம் 14ஆம் திகதி இரவு உடையும். சீசரைத் தெரிவுசெய்தவளுக்கும் நோர்மலைத் தெரிவுசெய்தவளுக்கும் கடல் ஒரே கடல்தான். தீவகத்துக் குடும்பங்களில் இந்த ஒரு விடயம் இன்னும் சரியாகப் பதியவில்லை என்றே நினைக்கிறேன். சீசரென்றால் எல்லாம் திட்டப்படி நடக்கும் என்ற நம்பிக்கையில் கடைசி வாரம்வரை வீட்டில் நிற்பது, நோர்மலுக்கு முயல்கிறேன் என்று கடைசி வாரம்வரை வீட்டில் நிற்பதைப்போலவே ஆபத்தானது.

இனி மாமி சொன்னது. இதய வருத்தம் உள்ளவள் நோவைத் தாங்கமாட்டாள், வெட்டி எடுப்பதுதான் அவளுக்குச் சுகம். கேட்க நியாயமாகப் படுகிறது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஆனால் இதய மருத்துவம் சொல்வது பெரும்பாலும் இதற்கு எதிரானது.

இலங்கையில் தாய்மார் இறப்பை நாம் வெகுவாகக் குறைத்திருக்கிறோம். 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல் இருந்த இறப்பு இப்போது 30ஐச் சுற்றி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களும், இலவச மருத்துவமும் செய்த வேலை அது. எஞ்சியிருக்கும் இறப்புகளுக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று இதய நோய். அதிலும் சின்ன வயதுத் தொண்டை நோவோடு தொடங்கி, மூட்டுவாதக் காய்ச்சலாகி, வால்வைச் சுருக்கிவிட்டுப் போகிற நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டே வளர்ந்த பெண்களை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம்.

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் 40 முதல் 50 வீதம்வரை கூடுகிறது. நாடித் துடிப்பும் கூடுகிறது. சுருங்கிய வால்வின் ஊடாக அவ்வளவு இரத்தமும் அவ்வளவு வேகத்தில் போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டும், எழும்பியிருந்தால்தான் இளைப்பு ஆறும். ஏழாம் எட்டாம் மாதத்தில் இது திடீரென்று மோசமாகலாம். பிள்ளை பிறந்த கையோடு கருப்பை சுருங்கி, அதில் நின்ற இரத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் இதயத்துக்குத் திரும்புகிறதே, அதுதான் பெரிய சோதனை. அடுத்த ஒன்றிரண்டு நாளும் கவனம் தேவை. பிள்ளை எந்த வழியால் வந்தாலும் இந்தச் சோதனை உண்டு. சீசர் இதைத் தவிர்ப்பதில்லை. அதற்குமேல் இயல்பான பிறப்பைப்போல இருமடங்கு இரத்த இழப்பு, முதுகில் போடுகிற ஊசியால் திடீரென்று இறங்கும் இரத்த அழுத்தம், காலில் இரத்தம் உறையும் ஆபத்து, தொற்று என்று வேறு சுமைகளையும் ஏற்றுகிறது.

அதனால்தான் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல், இதய நோயுள்ள பெரும்பாலான தாய்மாருக்கு இயல்பான பிறப்பையே முதல் தெரிவாகச் சொல்கிறது. நோவுக்கு முதுகில் மருந்து கொடுத்து வலியைக் குறைப்பார்கள், ஏனென்றால் வலி துடிப்பை ஏற்றும். கடைசியில் அவள் மூச்சடக்கி முக்கவேண்டி வராமல் வக்யூமாலோ ஆயுதத்தாலோ பிள்ளையை எடுத்துவிடுவார்கள். நேரடியாக சீசருக்குப் போகவேண்டியவர்களும் இருக்கிறார்கள்: பெருநாடி வீங்கியிருப்பவர்கள், கடுமையான நுரையீரல் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மருந்துக்கு அடங்காத இதயச் செயலிழப்பில் இருப்பவர்கள், செயற்கை வால்வுக்காக வோர்பரின் குடித்துக்கொண்டிருக்கும்போதே நோ கண்டவர்கள். வோர்பரின் பிள்ளையின் இரத்தத்தையும் உறையவிடாது. அந்த நிலையில் இயல்பாகப் பிறந்தால் பிள்ளையின் மூளையில் இரத்தம் கசியலாம். ஆகவே 36 வாரத்தோடு அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றவேண்டும். இது நெடுந்தீவில் இருந்துகொண்டு செய்கிற காரியம் அல்ல.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. இதய வருத்தம் உள்ளவளுக்கு, வைத்தியர்கள் எல்லோரும் நிற்கிற ஒரு பகற்பொழுதில் நாள் குறித்து, மருந்து கொடுத்து நோவை வரவழைப்பது வசதி. ஆனால் பழைய தழும்பு உள்ளவளுக்கு மருந்தால் நோ வரவழைத்தால் தழும்பு பிளக்கும் ஆபத்துக் கூடுகிறது. சில மருந்துகளை அவளுக்குத் தொடவே கூடாது. பலூன் வைத்துக் கருப்பை வாயை மெல்லத் திறக்கலாம், அதற்கும் நிதானம் வேண்டும். வருத்தம் நாள் குறிக்கச் சொல்கிறது. தழும்பு தானாக நோ வரும்வரை பொறுக்கச் சொல்கிறது. கடல் வீட்டில் நின்று பொறுக்காதே என்கிறது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச, மகப்பேற்று நிபுணர், இதய நிபுணர், மயக்க மருந்து நிபுணர் மூவரும் கூடவேண்டும். அந்தப் பேச்சு 30 வாரத்துக்கு முன்னர் தொடங்கினால்தான் 36 வாரத்தில் முடிவு கையில் இருக்கும். லேபர் றூம் வாசலில் தொடங்கினால் அங்கே முடிவெடுப்பது பயம்தான்.

சீனி வருத்தத்துக்குக் கணக்கு வேறு. சீனி கட்டுப்பாட்டில் இருந்து பிள்ளையும் அளவோடு வளர்ந்தால், பழைய சீசர் உள்ளவளும் இயல்பாகப் பெறலாம். பிள்ளை பெருத்தால் வெற்றி வாய்ப்புக் குறைகிறது, தலை வந்தபிறகு தோள் சிக்கும் ஆபத்துக் கூடுகிறது. ஸ்கானில் சொல்கிற நிறை பத்துப் பதினைந்து வீதம் முன்பின்னாக இருக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். இந்த விடயத்தில் உலகம் அறிந்த வழக்கொன்று ஸ்கொட்லாந்தில் நடந்தது. நடீன் மொன்ட்கொமறி சிறிய உடம்புக்காரி, இன்சுலின் எடுக்கிறவர். 1999இல் அவருக்கு முதற்பிள்ளை. நீரிழிவுள்ள தாய்மாரில் 100க்கு 9, 10 பேருக்குத் தோள் சிக்கலாம் என்பதை வைத்தியர் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சீசர்தான் கேட்பார்கள் என்பது அந்த வைத்தியர் பின்னர் கொடுத்த விளக்கம். தோள் சிக்கியது. பிள்ளை மூச்சின்றி 12 நிமிடம் தவித்து, வாழ்நாள் பாதிப்போடு பிறந்தது. 2015 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணுக்கு எது முக்கியமாகப் படுமோ அதைச் சொல்லியே ஆகவேண்டும், எதைச் சொல்வது என்று வைத்தியர் தன் எண்ணப்படி மட்டும் தீர்மானிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பை நான் சீசருக்குச் சாதகமான தீர்ப்பாகப் பார்க்கவில்லை. பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பாகவே பார்க்கிறேன். அதே நியாயப்படி, இதய வருத்தக்காரிக்கு நோர்மல்தான் நல்லது என்பதையும் சொல்லவேண்டும், மூன்றாவது சீசரின் ஆபத்தையும் சொல்லவேண்டும்.

பிரஷரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதமும் போகத் தொடங்கினால், 37 வாரத்தில், சிலவேளை அதற்கும் முன்னே, பிள்ளையை எடுக்கவேண்டி வரும். கருப்பை வாய் அப்போது மூடியே இருக்கும். பழைய தழும்போடு அதை மருந்தால் திறக்கப் பாடுபடுவதைவிடச் சீசர் நல்லது என்று வைத்தியர் சொன்னால் அது பெரும்பாலும் சரியான முடிவு. நோர்மலுக்கு ஆசைப்பட்டிருந்த பெண் அதைத் தன் தோல்வியாக எண்ணி மனம் நோகவேண்டியதில்லை.

மீண்டும் மீண்டும் வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அது முதலாவது சீசரில் தெரியாது, இரண்டாவதிலும் பெரிதாகத் தெரியாது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிலே ஒட்டி, கருப்பைத் தசைக்குள் வேர்விட்டதுபோல் இறங்கிவிடலாம். பிள்ளை பிறந்தபின் அது கழலாது, இரத்தம் ஆறாக ஓடும், கருப்பையையே எடுக்கவேண்டி வரும். 30,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்து 2006இல் வந்த அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சு கருப்பை வாயை மறைத்துக் கிடக்கும் பெண்களில் இரண்டாவது சீசருக்கு வருபவர்களில் 100க்கு 11 பேருக்கும், மூன்றாவதுக்கு வருபவர்களில் 40 பேருக்கும் இப்படி ஆகிறது. ஆகவே பழைய சீசர் உள்ள எல்லோரும், எந்த வழியைத் தெரிவுசெய்தாலும், நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஸ்கானில் கேட்டு அறியவேண்டும். நஞ்சு கீழே தழும்பின்மேல் கிடந்தால் நோர்மல் பேச்சே இல்லை, தீவில் தங்கும் பேச்சும் இல்லை.

இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும் என்ற கேள்வியும் இதனாலேயே முக்கியம். இதோடு போதும், சீசரோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசனையும் செய்துகொள்வோம் என்று ஒரு பெண் தெளிவாக முடிவெடுத்தால், இரண்டாவது சீசர் நியாயமான தெரிவு. மூன்று நான்கு பிள்ளை ஆசை உள்ளவளுக்கு, இந்த முறை ஒரு நோர்மல் வாய்த்தால் அது வரப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்த உதவி.

இனிக் கடலுக்கு வருவோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் விளங்கும். நிறைமாதக்காரி படகில் ஏற, ஆடுகிற விளிம்பில் காலை வைத்துக் குனிந்து உள்ளே இறங்கவேண்டும். ஒருவர் மேலிருந்து கையைப் பிடிப்பார், இன்னொருவர் கீழே நின்று தாங்குவார். உள்ளே டீசல் மணமும் இயந்திரச் சூடும். இதய வருத்தக்காரி படுத்துப் பயணம் செய்ய முடியாது, மூச்சு முட்டும். இருந்தபடியே வரவேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் அலை எழும்பி எல்லோரையும் நனைக்கும். மாரியில் வாடைக்காற்றும் புயல் எச்சரிக்கையும் வந்தால் படகே இல்லை. நெடுந்தீவாருக்குக் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற படகுகள் எல்லாம் வீட்டு ஆட்களின் பெயர்போல. 1985 மே 15இல் அந்தக் குமுதினிக்குள் வைத்தே 30க்கும் மேற்பட்டோர் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் வெட்டிக் கொல்லப்பட்டதை அந்த ஊர் மறக்கவில்லை. இந்தக் கடல் அவர்களுக்கு வெறும் பயணவழி அல்ல.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது பெரிய காரியம். ஆனால் அதன் சில்லு இறங்குதுறையோடு நின்றுவிடுகிறது. அவசரத்தில் கடற்படைப் படகில் நோயாளரைக் கொண்டுவந்த செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம், அவர்களில் கர்ப்பவதிகளும் உண்டு. உயிர் தப்பியவர்கள் நன்றியோடு இருக்கிறார்கள். ஆனால் பழைய தையலோடும் வருத்தத்தோடும் இருக்கும் ஒரு தாய்க்கு அவசரப் படகு கடைசி வழியாக மட்டும் இருக்கவேண்டும்.

முதல் வழி, முன்கூட்டியே கடலைத் தாண்டுவது. 36, 37 வாரத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். சொல்வது சுலபம். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? கடற்றொழிலுக்குப் போகும் கணவன் கூட வந்தால் அந்தக் கிழமை அடுப்பு எரிய வேண்டாமா? கொக்குவிலிலோ நல்லூரிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே தங்கலாம். இல்லாதவள் வார்ட்டில் மூன்று கிழமை படுத்துக் கிடக்கவேண்டும். வீடு நினைவு வந்து, கையொப்பம் வைத்துவிட்டுத் திரும்பப் படகேறுகிற பெண்ணைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு உலகத்தில் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. கியூபா 1962இலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கர்ப்பவதிகள் தங்கும் இல்லங்களை நடத்திவருகிறது. தொலைவில் இருப்பவர்களும் ஆபத்துள்ளவர்களும் கடைசி வாரங்களில் அங்கே வந்து இருப்பார்கள். எத்தியோப்பியா போன்ற நாடுகளிலும் இந்த இல்லங்கள் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சில கட்டில்களும் ஒரு சமையலறையும், மூத்த பிள்ளையையும் கூட வைத்திருக்க இடமும், தினமும் ஒருமுறை வந்து பார்க்கிற ஒரு குடும்பநல உத்தியோகத்தரும் உள்ள ஒரு வீடு கேட்கிறோம். தாயோ மாமியோ கூடத் தங்கவேண்டும். தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருக்கிற நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவுச் சங்கங்களிடம் இதை நேராகவே கேட்கிறேன். மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்கிறேன். இந்த வீடு இல்லாதவரை, ஒரு தீவுப் பெண்ணின் "தெரிவு" பாதி அவளுடையது, பாதி அவளுக்கு யாழ்ப்பாணத்தில் உறவு இருக்கிறதா இல்லையா என்பதன் விளைவு.

கடைசியாக, காகிதம். பழைய சீசரைப் பற்றிப் பேசும்போது வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது கருப்பையில் எந்த இடத்தில், எப்படி வெட்டினார்கள் என்பது. வயிற்றுத் தோலில் தெரிகிற தழும்பு அதைச் சொல்லாது. வெளியே குறுக்காக இருக்கும், உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். உள்ளே நெடுக்கு வெட்டு என்றால் நோர்மலுக்கு விடவே கூடாது. அந்தத் தகவல் இருப்பது ஒப்பரேசன் குறிப்பில். வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற நோய் நிர்ணய அட்டையில் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் நான்கு எழுத்து மட்டும் இருக்கும். அந்த அட்டையும் எக்கோ றிப்போட்டும் ஸ்கான் படமும் ஒரு புடைவைக்கடைப் பையில் மடிந்து, வெள்ளத்திலும் இடம்பெயர்விலும் தப்பினால் உண்டு. 1857இலேயே மானிப்பாயில் இருந்து வேலைசெய்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 'பிரசவ வைத்தியம்' என்று மகப்பேற்று நூலைத் தமிழில் கொண்டுவந்த மண் இது. தன் வயிற்றில் செய்த வெட்டு எந்த வகை என்று ஒரு தாய் தமிழில் நான்கு வரி வாசிக்க முடியாமல் இருப்பதற்கு இன்று நியாயமில்லை.

அந்த நான்கு வரியைக் கேட்டு வாங்கச் சிறந்த நாள், முதல் சீசர் முடிந்து வார்ட்டை விட்டு வெளிக்கிடுகிற நாள். வெட்டியவருக்கு எல்லாம் நினைவில் இருக்கும். "டொக்டர், ஏன் வெட்டினீங்கள்? உள்ளுக்கு எந்த மாதிரி வெட்டு? அடுத்தது நோர்மலுக்கு முயலலாமோ? எவ்வளவு காலம் இடைவெளி விடவேணும்?" என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தடுப்பூசிக்காக அந்தப் புத்தகத்தைத் தாய்மார் எப்படியும் தொலைக்காமல் வைத்திருப்பார்கள். அடுத்த முறை கர்ப்பம் என்று தெரிந்ததும், குடும்பநல மிஸ் வீட்டுக்கு வருகிற முதல் நாளே அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.